மாலை போட்டால் நிற்கிற குடி எப்படி நோயாகும்?

நவம்பர் 19 (குன்னூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

எங்கள் சித்தப்பா வருஷா வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போடுவார். ஒரு மண்டலம் முழுக்கச் சொட்டுக்கூடத் தொடமாட்டார். சபரிமலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே டாஸ்மாக் வாசலில் நிற்பார். நினைத்தால் நிறுத்த முடிகிறது அல்லவா? அப்புறம் என்ன நோய்? மாலை போட்டால் யாருக்காவது சர்க்கரை வியாதி நின்றிருக்கிறதா? கொழுப்புக்கு டாக்டர்கள் நோய் என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

நவம்பர் 19, இரவு

மறுக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்ட டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் தம்பி குடித்தவன், இப்போது குடிக்காதவன். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது.

உங்கள் சித்தப்பா மாதிரி ஆட்களைப் பற்றி ஜெல்லினெக் என்கிற ஆராய்ச்சியாளர் 1960-லேயே எழுதிவிட்டார். குடிப்பவர்களை ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலான் என்று ஐந்து வகையாகப் பிரித்தார். காமா வகைக்காரரால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடத் தொடாமல் இருக்க முடியும். தொட்டால்தான் வினை. முதல் கிளாஸ் உள்ளே போனபிறகு அளவு அவர் கையில் இல்லை. டெல்டா வகைக்காரர் இதற்குத் தலைகீழ். அளவாகத்தான் குடிப்பார், தள்ளாடி விழமாட்டார், ஆனால் ஒரு நாள்கூடக் குடிக்காமல் இருக்க முடியாது. தினமும் வைன் குடிக்கிற பிரான்ஸ் நாட்டில் இந்த வகை அதிகம் என்றார்.

மாலை போட முடிகிறது என்பதிலிருந்து சித்தப்பா டெல்டா இல்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. மாலையைக் கழற்றிய அன்று ஒரு குவார்ட்டரோடு எழுந்து வருகிறாரா, கடை மூடும்வரை உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

உங்கள் கட்சிக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. ஜெல்லினெக்கே எல்லாக் குடியையும் நோய் என்று ஒப்புக்கொள்ளவில்லை. மனக்கஷ்டத்துக்குக் குடிப்பவர், பழக்கதோஷத்தில் குடித்து ஈரலைக் கெடுத்துக்கொள்பவர் எல்லாரையும் நோயாளிக் கணக்கில் சேர்க்காமல், முக்கியமாகக் காமாவையும் டெல்டாவையும்தான் சேர்த்தார்.

நவம்பர் 20

டெல்டாக்காரர்கள் மாலை போடுவதில்லை. போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உயிர் சம்பந்தப்பட்டது.

தோட்டத்தில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலைக்காரர் ஒருவர் இருந்தார். காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் அவர் கையில் கவ்வாத்துக் கத்தி நிற்கும். டிஸ்பென்சரியில் டீ கொடுத்தால் தம்ளரை நேராக வாய்க்குக் கொண்டுபோக முடியாது. தோளில் கிடக்கும் துண்டைக் கழுத்துக்குப் பின்னால் சுற்றி, ஒரு முனையைத் தம்ளரோடு சேர்த்து வலது கையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை இடது கையால் மெல்ல இழுப்பார். தம்ளர் சிந்தாமல் வாய்க்கு வரும். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எத்தனை காலைகள் டீயைக் கொட்டிக்கொண்டபிறகு அந்த உபாயம் பிடிபட்டதோ.

அவர் ஒரு கார்த்திகையில் மனைவியின் கண்ணீருக்காக மாலை போட்டார். இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் இரவு சுவரில் பூரான் ஊருகிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், உடம்பு முழுக்க நடுக்கம், வியர்வை. தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் எல்லாரும் சாமி வந்துவிட்டது என்று கற்பூரம் காட்டினார்கள். ஜீப்பில் ஏற்றி ஊட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பிழைத்தார்.

தினமும் விடாமல் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலும் மாயத்தோற்றங்களும். இதில் சாகிறவர்களும் உண்டு. ஆகவே காலையில் கை நடுங்குகிறவருக்கு ஆஸ்பத்திரி முதலில், மாலை அப்புறம். நாலைந்து நாள் மருந்தோடு படுத்து எழுந்தால் போதும். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் பி-1 வைட்டமின் ஊசி போட்டார்களா என்று கூட இருப்பவர்கள் கேட்கவேண்டும். அது விட்டுப்போனால் மூளைக்கு நிரந்தரமான சேதம் வரலாம்.

நவம்பர் 20, மறுபடி

2020 மார்ச் ஊரடங்கில் டாஸ்மாக் மூடியபோது நம் மலையில் என்ன நடந்தது என்று நினைத்துப்பாருங்கள். உங்கள் சித்தப்பா வகைக்காரர்கள் எரிச்சலோடு தோட்டத்தைக் கொத்திக்கொண்டு இருந்தார்கள். டெல்டாக்காரர்கள் வலிப்போடு வந்தார்கள். ஒரே கடை, ஒரே பூட்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரையும் நாம் குடிகாரன் என்றுதான் சொல்லியிருப்போம்.

நவம்பர் 22

“இந்த நோய்க் கதை எப்போது ஆரம்பித்தது” என்று கூடலூர் டீச்சர் கேட்டிருக்கிறார். ஓய்வுக்குப் பிறகு நான் தேடித்தேடிப் படித்தது இதைத்தான். கரண்ட் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

பெஞ்சமின் ரஷ், பிலடெல்பியா டாக்டர். அமெரிக்க சுதந்திரப் போர்ப் படையிலும் டாக்டராக இருந்தவர். 1784-ல் காய்ச்சி வடித்த சாராய வகைகளின் கெடுதல் பற்றி ஒரு சிறுநூல் போட்டார். சாராயத்துக்குத்தான் எதிரி, பீருக்கும் வைனுக்கும் அல்ல. தாமஸ் ட்ராட்டர், பிரிட்டிஷ் கடற்படை டாக்டர். 1788-ல் எடின்பரோவில் குடியைப் பற்றியே ஆய்வேடு கொடுத்து, 1804-ல் அதை விரித்து எழுதினார். குடிப்பழக்கம் மனதின் நோய் என்றார். நோயாளியின் நம்பிக்கையை முதலில் சம்பாதி என்று டாக்டர்களுக்கு அவர் சொன்ன புத்திமதி இன்றைக்கும் எல்லா வார்டிலும் எழுதி வைக்கத் தகும். மாக்னஸ் ஹுஸ், ஸ்வீடன் டாக்டர், 1849-ல் ஆல்கஹாலிசம் என்ற பெயரையே கொடுத்தவர். அவர் பார்த்தது ஈரல், நரம்பு, வயிறு. மனதைவிட உடம்பு.

படிக்கப் படிக்க எனக்குப் பட்டது ஒன்றுதான். ஒவ்வொருவரும் தன் முன்னால் வந்து நின்ற குடிகாரரை வைத்துத்தான் கொள்கை கட்டியிருக்கிறார்கள். கடற்படை டாக்டருக்கு ரம் ரேஷன் வாங்குகிற மாலுமி. ஹுஸுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற உடம்பு. ஜெல்லினெக்குக்கு யார் தெரியுமா? குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் உறுப்பினர்கள் தாங்களே தயாரித்துத் தங்கள் பத்திரிகையில் போட்ட கேள்வித்தாள். வந்த பதில்களில் 98 ஆண்களுடையதை வைத்து 1946-ல் அவர் எழுதியதுதான், குடி எப்படிப் படிப்படியாக முற்றுகிறது என்று இன்றும் சுவரில் தொங்குகிற படத்துக்கு ஆதி. பெண்கள் அனுப்பிய பதில்கள் ஆண்களுடையதோடு ஒத்துப்போகவில்லை என்று எடுத்து வைத்துவிட்டார். இதைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

நவம்பர் 23

“குளிருக்குத்தான் அக்கா குடிக்கிறோம்.” இல்லை. மது தோலுக்கடியில் உள்ள ரத்தக்குழாய்களை விரிக்கும், அதனால் சூடு ஏறுவது போல் தெரியும், ஆனால் உடம்பின் உள்சூடு வெளியே போய்விடும். உறைபனி விழுகிற ஜனவரி இரவில் குடித்துவிட்டுப் பாதையோரம் படுப்பவர் அதனால்தான் விறைத்துச் சாகிறார்.

நவம்பர் 25

மஞ்சூர்க்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: எல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நமக்கு வள்ளுவர் சொன்னது போதாதா என்று. போதும் என்றே வைத்துக்கொள்வோம். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். 929-ல், குடித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் திருத்துவது நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போல என்கிறார். பேசிப் பயனில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் உங்கள் கட்சிதான். ஆனால் 930:

கள்ளுண்ணாப் போழ்திற் களித்தானைக் காணுங்கால்
உள்ளான்கொல் உண்டதன் சோர்வு

தான் குடிக்காமல் இருக்கிற நேரத்தில், குடித்துக் கிடக்கிற இன்னொருவனைப் பார்க்கும்போது, தன் நிலையும் இதுதானே என்று நினைக்கமாட்டானா? ஊராரும் பெண்டாட்டியும் சொல்லி ஏறாதது, இன்னொரு குடிகாரனைப் பார்த்தால் ஏறலாம்.

1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் ஊரில் நடந்ததும் அதுதான். நியூயார்க் பங்குச்சந்தையில் இருந்த பில் வில்சன், வேலை விஷயமாகப் போன இடத்தில் குடிக்கத் துடித்தபோது, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்கிற அறுவைச் சிகிச்சை டாக்டர். உபதேசம் செய்யாமல் தன் கதையை மட்டும் சொன்னார். ஜூன் 10-ல் ஸ்மித் கடைசியாகக் குடித்தார். அந்தத் தேதியைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாக வைத்திருக்கிறது.

என் தம்பியை அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்கு முதலில் கூட்டிப்போனது ஒரு லாரி டிரைவர். சர்ச் கூடம், பிளாஸ்டிக் நாற்காலி, ஃபிளாஸ்கில் டீ. டிரைவர் எழுந்து, மகள் கல்யாணத்தன்று பந்தலுக்குப் பின்னால் தான் விழுந்து கிடந்ததைச் சொன்னார். வெளியே வந்து தம்பி சொன்னது: “அக்கா, அந்தாள் என் கதையை எங்கே கேட்டான்?” நான் வருஷக்கணக்கில் பேசிப் பார்த்தவள். என் பேச்சு 929-வது குறளாகத்தான் முடிந்திருக்கிறது.

நவம்பர் 25, இரவு

22-ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அமைப்பை ஆரம்பித்தவர்கள் படித்த, நடுத்தர வர்க்கத்து அமெரிக்க ஆண்கள். அவர்களைப் பார்த்துக் கட்டியது நம் லாரி டிரைவருக்கும் பொருந்துகிறது என்றால், யாரைப் பார்த்துக் கட்டினார்கள் என்பது மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அவர்களுக்கு மருத்துவ விளக்கம் கொடுத்த சில்க்வொர்த் என்கிற டாக்டர், குடி ஒருவித ஒவ்வாமை என்றார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை. கூட்டம் நிலைத்தது. 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இந்த வழிக்கு ஆட்களை முறையாகச் சேர்த்துவிடுகிற சிகிச்சை, முழுக்கக் குடிக்காமல் இருப்பதில் மற்ற சிகிச்சைகளுக்குக் குறையவில்லை, பல இடங்களில் மேலாகவே இருந்தது.

நவம்பர் 27

“அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுக்கிற பவுடர் நல்லதா?” தயவுசெய்து வேண்டாம். மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு முதல் இங்கே வரை சுவருக்குச் சுவர் அந்த நோட்டீஸ்தான். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவரே சொல்லமாட்டார். பயம் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்களோ என்பதுதான்.

அந்த மருந்துக்கு ஒரு கதை உண்டு. டென்மார்க்கில் ஹால்ட், ஜேக்கப்சன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் குடற்புழுவுக்கு மருந்து தேடி, தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அப்புறம் கொஞ்சம் மது குடித்தபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, தலை வலித்தது. 1948-ல் அதைக் குடிநிறுத்த மருந்தாக வெளியிட்டார்கள். மது உடம்பில் உடைந்து அசிட்டால்டிஹைடு ஆகும், மேலே உடையவிடாமல் இந்த மருந்து தடுக்கும், அது ரத்தத்தில் தேங்கிப் பாடுபடுத்தும். தெரிந்தே, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் சாப்பிட்டவர் ஒரு ஆஃப் அடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிரே போகலாம்.

நவம்பர் 29

நோய் என்று சொல்வதை நான் ஆதரித்தாலும், அந்தச் சொல்லை வைத்து என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். தம்பியைச் சமவெளியில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். நோயாளிக்குச் சொந்த புத்தி இல்லை, அதனால் அவன் பேச்சைக் கேட்கவேண்டாம், போனில்கூடப் பேசவேண்டாம் என்றார்கள். அழைத்துவரப் போனபோது கணுக்காலில் சங்கிலித் தழும்பு. அடித்திருந்தார்கள். பாவி என்று அடிப்பது போய், நோயாளி என்று அடிக்கிறார்கள்.

அதே நோய் என்கிற பார்வையில்தான் சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அங்கே குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடம் கொடுத்தார். மஞ்சக்குடி போன்ற கிராமத்துக்கே முகாமைக் கொண்டுபோனார்கள். ஆக, கொள்கை ஒன்றாக இருந்தாலும் கதவைத் திறப்பவரும் உண்டு, பூட்டுபவரும் உண்டு.

எவ்வளவு சிகிச்சை வேண்டும் என்பதற்கும் லண்டனில் ஒரு பாடம் இருக்கிறது. ஆர்ஃபர்ட், எட்வர்ட்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர்கள் குடிநோய்க்குச் சிகிச்சை தேடி வந்த மணமான ஆண்கள் 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு மருந்து, ஆலோசனை, தேவைப்பட்டால் வார்டு என்று முழு ஏற்பாடு. மீதிப் பேருக்கு, மனைவியையும் உட்காரவைத்து ஒரே ஒரு முறை தெளிவான அறிவுரை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1977-ல் புத்தகமாக வந்தது. அவர்கள் மனைவி உள்ள, வீடு உள்ள ஆண்கள் என்பதை மறக்கக்கூடாது. வேலை போய், லைன் வீடும் போனவருக்கு ஒரு முறை பேசினால் போதும் என்று இதை வைத்துச் சொல்லமாட்டேன்.

டிசம்பர் 2

குன்னூர்த் தம்பி மறுபடி: “அப்படியானால் சித்தப்பா அளவாகக் குடிக்கப் பழகலாமே? டேவிஸ் என்கிற டாக்டர் நிரூபித்திருக்கிறாராமே.”

டேவிஸ் 1962-ல் எழுதியது உண்மை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 93 பேரில் 7 பேர் பிறகு சாதாரணமாகக் குடித்தார்கள் என்றார். பெரிய சண்டையே நடந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே எட்வர்ட்ஸ் அந்த ஏழு பேரையும் தேடிப்பிடித்து விசாரித்து 1985-ல் எழுதினார். ஐந்து பேருக்குக் குடிப் பிரச்சினை இருந்திருக்கிறது, டேவிஸ் கவனித்ததாகச் சொன்ன அந்தக் காலத்திலும்கூட. சிக்கலில்லாமல் குடித்தவர்கள் இரண்டு பேர், அதிலும் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே கடுமையாக அடிமைப்பட்டவர் அல்ல.

1976-ல் எட்வர்ட்ஸும் கிராஸும், குடிக்கு அடிமையாவதன் அறிகுறிகளைச் சேர்த்து, சார்பு நோய்க்குறி என்று ஒன்றை வகுத்தார்கள். அடிமைத்தனம் இருக்கிறது, இல்லை என்று இரண்டாகப் பிரிக்காமல் லேசிலிருந்து கடுமை வரை படிப்படியாகப் பார்த்தார்கள். லேசான படியில் இருப்பவர் குறைத்துக்கொள்ள முடியும். சித்தப்பா எந்தப் படியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, ஆடிட் என்று பெயர். மாலையோடு தெளிவாக இருக்கும் இந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து, மற்ற நாட்களில் எப்படிக் குடிப்பார் என்று கேட்டு நிரப்புங்கள்.

டிசம்பர் 3

பாட்டிலைப் பற்றி யாருமே பேசவில்லை. ஒரு காலத்தில் குற்றவாளி பாட்டில்தான். அதனால்தான் அமெரிக்காவில் 1920-ல் மதுவிலக்கு வந்தது, ராஜாஜி 1937 அக்டோபர் 1-ல் சேலத்தில் தொடங்கினார், 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. அமெரிக்காவில் 1933-ல் விலக்கு போனபிறகு பழி பாட்டிலைவிட்டுக் குடிப்பவர் உடம்புக்கு மாறியது: இவருக்கு மட்டும்தான் ஒத்துக்கொள்ளாது, மற்றவர்கள் குடிக்கலாம். சாராய வியாபாரிகளுக்கு இதைவிட வசதியான கொள்கை கிடையாது.

இரண்டாம் உலகப் போரில் வைனுக்கு ரேஷன் வந்தபோது பாரிஸில் ஈரல் சுருக்கத்தில் சாகிறவர்கள் மளமளவென்று குறைந்தார்கள். ரேஷன் போனதும் ஏறியது. 1975-ல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து நிபுணர்கள் வெளியிட்ட அறிக்கை, ஒரு ஊரின் மொத்தக் குடி கூடிக்குறைவது ஊராரின் ஆரோக்கியத்தைப் பாதிக்கும், மது கிடைப்பதைக் கட்டுப்படுத்தி அந்தக் குடியைக் குறைக்கலாம் என்றது. நம் ஊரில் 1983-ல் டாஸ்மாக் வந்தது, 2003-ல் சில்லறைக் கடைகளும் அரசு கைக்கு வந்தன.

நீலகிரியில் 2022 மே மாதம் முதல் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பினால் கொடுக்கிறார்கள். காட்டு விலங்குகளின் காலைக் கண்ணாடி கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்தது. கொழுந்து எடுக்கிற பெண்களின் பாதத்தில் நான் தையல் போட்ட கண்ணாடிக் காயங்களுக்கு அளவில்லை. பத்து ரூபாயில் பாட்டில் தேயிலைக் காட்டைவிட்டுக் கடைக்குத் திரும்பியது. மனித நடத்தையை விலையால் மாற்றவே முடியாது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

டிசம்பர் 6

பரம்பரையா என்று இரண்டு மூன்று பேர். பங்கு உண்டு. குட்வின் என்கிற ஆராய்ச்சியாளரின் குழு 1973-ல் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளைப் பார்த்தது. பிறந்த சில வாரத்தில் பிரிக்கப்பட்டு வேறு வீட்டில் வளர்ந்தும், குடிநோயாளித் தகப்பனின் மகன்களுக்குக் குடிநோய் மற்றத் தத்துப் பிள்ளைகளைவிடச் சுமார் நான்கு மடங்கு. இருந்தும் அவர்களில் பெரும்பாலோர் குடிநோயாளி ஆகவில்லை. தம்பி மகனிடம் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சொன்னால் பயம் வரும், இல்லை அலட்சியம் வரும்.

டிசம்பர் 10

பெண்கள். எழுதுவேன் என்றது இதைத்தான்.

ஜெல்லினெக் எடுத்து வைத்துவிட்ட பதில்கள் என் மனதைவிட்டுப் போகவில்லை. லண்டன் ஆய்வும் ஆண்கள். குட்வின் முதலில் பார்த்ததும் மகன்கள். எங்கள் குடும்பம் சிலோனிலிருந்து வந்தது. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த மலைக்கு வந்தவர்களில் நாங்களும் உண்டு. அங்கே தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, பெண்களும் போவார்கள் என்று அப்பாயி சொல்லும், அதை யாரும் பெரிதாகப் பேசியதில்லையாம். இங்கே பெண்கள் லைனுக்குப் பின்னால் குடிக்கிறார்கள், முதுகில் கொழுந்து மூட்டை சுமந்த வலிக்கு என்று சொல்லிக்கொண்டு. டிஸ்பென்சரிக்கு வரும்போது வயிற்றுவலி என்பார்கள், தலைசுற்றல் என்பார்கள். புருஷன் குடித்தால் பெண்டாட்டி கூட்டி வருவாள். பெண்டாட்டி குடித்தால் கூட்டி வர ஆள் கிடையாது.

பெண் உடம்பில் நீரின் பங்கு குறைவு. அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் மதுவின் அளவு கூடுதலாக ஏறும். ஆண்களைவிடக் குறைந்த காலத்தில் ஈரல் கெடும். ஆண்களுக்கு வரைந்த படத்தைப் பார்த்து, இன்னும் அந்தக் கட்டம் வரவில்லையே என்று காத்திருந்தால் பெண்ணுக்குக் காலம் கடந்துவிடும்.

எங்கள் பக்கத்து லைனில் இரண்டு பெண்கள் நிறுத்த வேண்டும் என்கிறார்கள். ஒருத்திக்குக் காலையில் கை நடுக்கம் இருக்கிறது, அவளை வியாழக்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன். ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு இருவருமே வரமாட்டார்கள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி எங்கேயாவது பெண்களுக்கென்று தனியாகக் கூட்டம் நடந்தால், இடமும் கிழமையும் நேரமும் எழுதுங்கள். கடைசி பஸ்ஸுக்கு முன் முடிகிறதா என்பதையும் சேர்த்து.